பாக்கியிருக்கும் இயற்பியல்

ரெட்டியார்பாளையம்,
புதுச்சேரி.

அன்புள்ள மாமாவுக்கு,

நிர்மலா எழுதுறேன். நீங்க, உங்க அக்கா, நம்ம பாப்பா எல்லாரும் சுகமா? கரும்பு வெட்டு முடிஞ்சுதா? முதுகுக்குத் தைலம் தேய்க்கிறீங்களா? நான் நல்லாத்தான் இருக்கேன். போன்ல சொன்னா குரல் காட்டிக்குடுத்துடும், அதான் எழுதுறேன்.

பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமை ஆஸ்பத்திரி வேலைய முடிச்சிட்டு நேரா நெல்லித்தோப்பு டியூஷனுக்குப் போனேன். இயற்பியல் டெஸ்ட் வச்சாங்க. லென்சு கணக்கு பாதி போட்டவ, பேப்பர் மேலயே தூங்கிட்டேன். கோபிநாத் சார் தட்டி எழுப்பி, "ஏம்மா, வீட்டுக்குப் போயி புள்ளையப் பாக்கலாமில்ல?"ன்னாரு. பசங்கல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவரு நல்லவருதான், நோகணும்னு சொல்லல. ஆனா அதுக்கப்புறம் ஒரு கணக்கும் ஓடல. பன்னெண்டாவதுல இது ஒண்ணுதான் பாக்கி. இந்த முறையும் பெயிலானா நர்சிங் சேர முடியாது. கடைசிவரைக்கும் பெட்பேன் கழுவுற வேலைதான்.

என் பழைய இயற்பியல் புக்கு பரண்மேல இருக்கு, அனுப்புங்க. கூடவே பாப்பா போட்டு அவுத்த சட்டை ஒண்ணு, துவைக்காம வைங்க.

நேத்து போன்ல பாப்பா உங்க அக்காவ "அம்மா"ன்னு கூப்பிட்டுச்சு. அவங்க பதறிப்போயி, "அத்தைடி, அத்தைன்னு சொல்லு"ன்னாங்க. திருத்த வேணாம்னு சொல்லுங்க மாமா. பரீட்சை முடிஞ்சு நான் வர்றவரைக்கும் அதுக்கும் யாரையாவது அப்படிக் கூப்பிடணுமில்ல.

டியூட்டிக்கு நேரமாயிடுச்சு.

உங்க
நிர்மலா