மருமகன்ர பிளக்

இலுப்பைக்கடவை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மருமகன் சுகந்தனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் எலக்ட்ரிக் காரை முதன்முதலாக இங்கே கொண்டுவந்த பொங்கலன்று மாமி என்னிடம் ஒரு கேள்வி கேட்டா. கொழும்பில் அரை மணித்தியாலத்தில் ஏறுகிற சார்ஜ் எங்கட வீட்டில மட்டும் ஏன் விடியும்வரை இழுக்குது, எங்கட கறண்டு என்ன பழுதோ என்று. விருந்துக்கு வைத்த கறியில் உப்புக் குறைந்த மாதிரி அவவின் முகம் வாடிப்போனது. கறண்டு நல்ல கறண்டுதான், பிளக்தான் சின்னது என்று நான் சொன்னது அவவுக்குப் போதவில்லை. நீங்கள் பாவித்த நீட்டு வயர் வேறு சூடாகியிருந்தது. அடுத்த கிழமையே ஆள் பிடித்து, முன்விறாந்தையில் தடித்த வயரும் எர்த்தும் போட்டுத் தனிப் பிளக் ஒன்று பூட்டுவித்தா. அதற்கு மருமகன்ர பிளக் என்று பெயர். அதில் அயன்பெட்டி செருகக்கூட என்னை விட்டதில்லை. உங்கட சேட்டுக்கு வேற பிளக் இருக்கு என்று பேசுவா.

மாமியின் செத்தவீடு முடிந்து நீங்கள் தனியே கொழும்புக்குப் போன நாளிலிருந்து நிருஷா என்னோடுதான் நிற்கிறாள். சமைக்கிறாள், கூட்டுகிறாள். கதை குறைவு. மாமிக்குக் கடுமை என்று கேட்டு இருவரும் காரில் வந்த அன்றைக்கு, புத்தளத்தில் மணிக்கணக்காகச் சார்ஜுக்கு நிற்காமல் வேகமாக ஏற்றுகிற இடத்துக்கு நீங்கள் போயிருந்தால் அம்மாவை உயிரோடு பார்த்திருக்கலாம் என்று போன வியாழன் என்னிடம் சொன்னாள். உங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நீங்களும் அதையேதான் நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்றும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சார்ஜ் ஏற்றுவதில் மூன்று படி உண்டு. முதற்படி வீட்டுப் பிளக். கிணற்றில் வாளியால் அள்ளித் தொட்டி நிரப்புவது போல, இரவு முழுக்க எடுக்கும். இரண்டாவது, சுவரிலோ கம்பத்திலோ பூட்டிய பெட்டி. அன்று உங்களுக்குக் கிடைத்தது அதுதான். இருபத்திரண்டு கிலோவாட் என்று அதில் எழுதியிருந்ததாம். அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு நேரம் என்று நிருஷா கேட்டாள். வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும், வரம்பில் வெட்டிய வாய் சின்னதென்றால் வயலுக்கு அவ்வளவு தண்ணீர்தான் போகும். கம்பத்தில் எழுதியிருப்பது அது தரக்கூடியது. உங்கள் காருக்குள் இருக்கும் சார்ஜர் வாங்கக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றாவது படிதான் வேகமானது, அந்தச் சின்ன வாய்க்குள்ளால் போகாமல் நேரே பற்றறிக்குள் விடும். அங்கே அதுவும் ஒன்று நின்றது, ஆனால் அதன் முனை உங்கள் காருக்குப் பொருந்தாத வடிவம். பொருந்தாததை நீங்கள் எப்படிச் செருகுவது?

இன்னொன்றும் சொன்னேன். மாமிக்கு அன்று காலையிலேயே, நீங்கள் கொழும்பிலிருந்து வெளிக்கிட முன்னமே, நினைவு தப்பிவிட்டது. அதன்பிறகு கண் திறக்கவில்லை. கடைசியாகப் பேசியது மழை இருட்டுகிறது, மருமகன்ர பிளக்கை மூடினீங்களோ என்று. ஓம் என்றேன்.

நிருஷா எல்லாவற்றையும் கேட்டாள். ஓம் அப்பா என்றாள். எழும்பிப் போய்க் கொடியில் கிடந்த உடுப்புகளை எடுத்தாள். எனக்கு அதில் கவலை வரவில்லை. எனக்கு இன்னும் எதிலும் ஒன்றும் வரவில்லை. ஆட்கள் வந்து விசாரித்தால் தேத்தண்ணி கொடுக்கிறேன். வயலில் தண்ணி நிற்கிறது என்கிறார்கள், போய்ப் பார்க்கவில்லை.

வேகமாக ஏற்றுகிற சார்ஜரும் முக்கால்வாசிக்கு மேலே தானாக வேகத்தைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் பற்றறி பழுதாகிவிடும். ஆகவே நிருஷாவிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கவேண்டும் என்று நினைக்க வேண்டாம். நேற்று அவள் விறாந்தையைக் கூட்டும்போது அந்தப் பிளக்கின் மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த தூசியை ஊதிவிட்டு மூடினாள்.

மாமியின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி, வருகிறது. ஐயரிடம் சொல்லியாயிற்று. வாடகை வான் ஒன்றில் வந்து பின்னேரமே திரும்பிவிடலாம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். வேண்டாம் தம்பி, காரிலேயே வாங்கோ. உங்கள் இருவருக்கும் மாமியின் ஆசி குறையாமல் இருக்கும்.

வழியில் உங்கள் காருக்குப் பொருந்துகிற வேகமான இடம் கிடைத்தாலும் முழுதாக ஏற்றாதீங்கோ. இங்கே வந்துசேருகிற அளவுக்கு மட்டும் ஏற்றுங்கோ. வந்தவுடன் மருமகன்ர பிளக்கில் செருகுங்கோ. விடியும்வரை எடுக்கும்.

இப்படிக்கு,
மாமா
சிவசுப்பிரமணியம்