ஒரு வெடி என்றால் கறி

அனுப்புநர்
லியாண்டர் ஹெண்ட்ரிக்ஸ் (வயது பதினைந்து),
காலஞ்சென்ற அம்ப்ரோஸ் டோரஸின் மைத்துனன்,
வாரிமுரு படகுத்துறை, அரிபாரோ ஆறு.

பெறுநர்
மாவட்ட ஆணையர் அவர்கள்,
அரிபாரோ ஆற்று மாவட்டம்,
பிரிட்டிஷ் கயானா.

பொருள்: வாரிமுரு பொதுப் பலகையில் ஆட்சேபணை எழுதி, அம்ப்ரோஸ் டோரஸுக்குத் தோட்டா கிடைக்காமல் செய்தவர் மீது நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தோட்டா விற்பனை மற்றும் பொதுப் பலகை விதிகள், எண் 2, 4, 5, 7.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாட்சிமை தங்கிய மன்னரின் அரசாங்கத்துக்குச் சொந்தமான வாரிமுரு பொதுப் பலகை, கடைக்காரர் மெனேசஸின் ஆடு தினந்தோறும் முதுகு சொறிந்துகொண்ட காரணத்தால், சென்ற மாதம் முதல் ஆற்றைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறேன். அடுத்த முறை தாங்கள் விசைப்படகில் வந்து இறங்கும்போது, துறையில் முதலில் தங்களுக்குக் கும்பிடு போடுவது அதுவாகத்தான் இருக்கும். ஆட்டின் மீது புகார் ஏதும் இல்லை. புகார் இனிமேல்தான் வருகிறது.

2. தோட்டா வாங்க விரும்புகிறவர் பெயரை ஏழு நாள் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி எண் 2. அதற்குள் யாராவது கீழே ஆட்சேபணை எழுதிக் கையெழுத்திட்டால், தாங்கள் வந்து விசாரிக்கும்வரை விற்பனை கிடையாது என்பது விதி எண் 4. சுண்ணக்கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதும் அரசாங்கமே. பலகை என்றால் பல கை எழுதத்தானே செய்யும்? ஜனவரியில் நாங்கள் கறிக்காகச் சுடும் லப்பா என்ற பெரிய காட்டெலிகள் எல்லாம் எங்கள் ஓடையோரம் கூடி, "எங்கள் மனைவி மக்களின் பாதுகாப்பை முன்னிட்டு ஊரில் ஒருவருக்கும் தோட்டா விற்கலாகாது" என்று ஆட்சேபித்து, நான்கு விரல் பாதத்தால் கைநாட்டும் வைத்திருந்தன. தங்கள் எழுத்தர் அதைப் படித்துவிட்டு, எழுதியது யார் என்று துறை முழுக்க விசாரித்தார். அடக்கம் காரணமாக யாரும் முன்வரவில்லை. இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: இந்த ஆற்றங்கரையில் என்னைப்போல் எழுத ஆள் கிடையாது. மிஷன் பள்ளி ஆசிரியர் கையெழுத்தை அவரைவிட நான் நன்றாகப் போடுவேன். இந்த மனுவை எழுத ஊரார் என்னைத் தேடி வந்ததும் அதனால்தான்.

3. அம்ப்ரோஸ் டோரஸ் என் அக்கா பெர்பெத்துவாவின் கணவர். வயது இருபத்தெட்டு. ஒற்றைக்குழல் துப்பாக்கியும், நாய் ஒன்றும், ஊரிலேயே பெரிய சிரிப்பும் வைத்திருந்தார். அவருக்கும் பக்கத்து வீட்டு நத்தானியேல் போயலுக்கும் இரண்டு வருடமாக ஒரு வழக்கு. இருவரும் ஒரே காட்டுப்பன்றியை ஒரே நேரத்தில் சுட்டார்கள். பன்றியில் ஒரு ஓட்டைதான் இருந்தது. அது யார் போட்ட ஓட்டை என்பது இன்றுவரை தீரவில்லை. அத்தான் படகில் போகும்போதே குரல் கொடுப்பார்: "என்னா போயலு, என் குண்டு போன ஓட்டையில விரல் வுட்டுப் பாத்தியா?" போயல் கரையிலிருந்து, "உன் குண்டு இன்னும் காட்டுக்குள்ள வழி கேட்டுக்கிட்டுத் திரியுது, போய்க் கூட்டிட்டு வா, போ!" என்பார். மாலையில் இரண்டு பேரும் ஒரே புகையிலையைக் கிள்ளி மெல்லுவார்கள்.

4. ஏப்ரல் 6-ஆம் தேதி அத்தான் பெயர் ஆறு தோட்டாக்களுக்காகப் பலகையில் ஏறியது. 8-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை அதன் கீழே பின்வரும் ஆட்சேபணை காணப்பட்டது: "மனுதாரர் குறி பார்த்தால் மரத்துக்குக்கூடச் சேதம் வராது. இவரிடம் தோட்டா கொடுப்பதும் ஆற்றில் கொட்டுவதும் ஒன்று. ஆகவே ஆட்சேபிக்கிறேன்." அடியில் நீண்ட வால் வைத்து, நத்தானியேல் போயல் என்ற கையெழுத்து இருந்தது. திங்கள் காலை தங்கள் எழுத்தர் தபால் படகில் வந்து அதைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார். பதிவேட்டில் ஏறியதைத் தங்களைத் தவிர யாரும் அடிக்கக் கூடாது என்பது விதி எண் 7. தாங்கள் வருவது மே 28-இல். ஊர் சிரித்தது. அத்தானும் சிரித்தார்: "கமிஷனர் வரட்டும்டா மாப்ள. அவர் கண்ணு முன்னாடியே போயலு தொப்பியச் சுட்டுக் காட்றேன்." இரவல் கொடுப்பதும் விற்பனையே என்று விதி எண் 5 சொல்வதால் அவர் யாரிடமும் கேட்கவில்லை. அவர் பெட்டியில் அப்போது ஒரே ஒரு தோட்டா இருந்தது.

5. எங்கள் ஆற்றில் வெடிச் சத்தத்துக்குக் கணக்கு உண்டு என்பதைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு வெடி என்றால் கறி கிடைத்தது, அடுப்பை மூட்டு என்று பொருள். இரண்டு என்றால் சாவு. மூன்று என்றால் நான் ஆபத்தில் இருக்கிறேன், வாருங்கள். மூன்று கேட்டால் சோற்றில் கை வைத்திருப்பவன்கூட எழுந்து ஓடுவான். மே 8-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அத்தான் மேல் ஓடைப் பக்கம் போனார். நாய்க்குக் காலில் முள் தைத்திருந்ததால் அதை வீட்டில் விட்டுப் போனார். மாலை நான்கு மணி சுமாருக்கு ஒரு வெடி கேட்டது. காத்திருந்தோம். அடுத்தது வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள், "ஏ பெர்பெத்துவா, சட்டிய ஏத்துடி, உன் வீட்டுக்காரரு விழுத்திட்டாரு!" என்று கூவினார்கள். அக்கா மிளகாய்க் குழம்பைச் சூடுபண்ணி, மரவள்ளி ரொட்டியை வெயிலிலிருந்து எடுத்துவந்தாள். நான் கத்தியைத் தீட்டினேன். "ஒரே தோட்டா, ஒரே லப்பா! பின்னங்கால் எனக்கு!" என்று கரையெல்லாம் கேட்கக் கத்தியவன் நான்தான். இருட்டும்வரை வராததற்கு, சுமை கனம், மெதுவாக வருகிறார் என்று சொன்னவனும் நான்தான்.

6. மறுநாள் நடுப்பகலில் நாய்தான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு மோரா மரத்தின் பலகைவேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் பாம்பு கடித்த இடத்துக்கு மேலே சட்டையைக் கிழித்துக் கட்டியிருந்தார். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு மடியில் இருந்தது. பலகைவேரைத் துப்பாக்கிக் கட்டையால் மும்மூன்று அடியாக அடித்திருக்கிறார். பட்டை உரிந்து, கட்டையும் பிளந்து போயிருந்தது. அந்தச் சத்தம் எங்கள் வீடுவரை வராது. ஒரு வெடி கேட்டால் நாங்கள் அடுப்பை மூட்டுவோம் என்று அவருக்குத் தெரியாதா, ஐயா? தெரிந்துதான் சுட்டிருக்கிறார். அவரிடம் வேறு எண்ணிக்கை இல்லை.

ஊரார் இதை விதி என்கிறார்கள். விதி எண் 4 என்று நான் திருத்தினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சொல்லி ஒருவரும் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

7. மே 10-ஆம் தேதி அடக்கம் நடந்தது. சாவு வெடி இரண்டு போட வேண்டும். சட்டம் தடுக்கிறது என்று தெரிந்தும் நத்தானியேல் போயல் தன்னிடம் மிஞ்சியிருந்த இரண்டு தோட்டாக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அக்கா கதவை மறித்து நின்றாள். "குடுக்க வேண்டிய அன்னிக்குக் குடுக்க விடல. இன்னிக்கு வந்து நீட்றியா? எடுத்துட்டுப் போ." போயல், "நான் எழுதலம்மா, சத்தியமா எழுதல" என்றார். கூட்டத்தில் ஒருவர், "வாலு உன் வாலுதானய்யா, ஊருக்கே தெரியும்" என்றார். போயல், "கையெழுத்து என்னுது மாதிரிதான் இருக்கு... அன்னிக்குக் குடிச்சிருந்தேன். எழுதினேனோ என்னமோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சாவு வெடி போடவில்லை. ஆற்றின் கீழ்க்கரையில் இருப்பவர்களுக்கு அவர் இறந்தது இன்னும் தெரியாது. போன வாரம்கூட ஒருவர் படகை ஒதுக்கி, "எங்கப்பா அம்ப்ரோஸு? பன்றி ஓட்டை வழக்கு என்னாச்சு?" என்று கேட்டார். அக்காதான் பதில் சொன்னாள்.

8. அன்று முதல் போயலுக்கு யாரும் துறையில் இடம் விடுவதில்லை. அவர் மனைவி தண்ணீருக்கு வந்தால் மற்ற பெண்கள் எழுந்து போகிறார்கள். அவர் தன் வீட்டுக் கூரை ஓலையை இறக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்; வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு ஆற்றை விட்டே போகிறாராம். எதையும் மறுப்பதில்லை. தான்தான் எழுதினோம் என்று அவரே நம்பிவிட்டார். சென்ற வியாழக்கிழமை ஊர்க் கூட்டத்தில், அவர் மீது நடவடிக்கை கோரி மனு எழுத வேண்டும் என்று முடிவாகி, எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அக்காவும், "என் தம்பி எழுதுனா கமிஷனரே அழுவாரு" என்றாள்.

9. ஐயா, ஊரார் கைநாட்டு வைத்த தாளை நான் இணைக்கவில்லை. அவர்கள் ஒப்புக்கொண்டது வேறு மனுவை. அந்த ஆட்சேபணையை எழுதியவன் நான்.

அதை எழுதியதற்கு முந்தின நாள் அத்தான் என்னைத் துறையில் எல்லாப் பெண்களும் பார்க்க ஆற்றில் தூக்கிப் போட்டார். விளையாட்டுக்குத்தான். நானும் விளையாட்டுக்குத்தான் எழுதினேன். போயல் வாலைப் போட இரண்டு நொடிகூட ஆகவில்லை. ஒரு நாள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு திரிவார்கள், மறுநாள் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். திங்கள் காலை ஈரத்துணியோடு போனபோது எழுத்தர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். பலகையைத் துடைத்தேன். பதிவேட்டைத் துடைக்க முடியவில்லை. அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். லப்பா ஆட்சேபணையும் என்னுடையது என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவிடம் நேரில் சொல்ல மூன்று முறை போனேன். மூன்று முறையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். "எனக்குன்னு இப்ப நீதாண்டா மிச்சம், நல்லா சாப்பிடு" என்று அவள் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் நனைத்துக் கொடுக்கும்போது எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மனுவையும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் ஆட்டிலிருந்து தொடங்கினேன். மன்னிக்கவும்.

10. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து செய்ய வேண்டியவை:

துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் எந்நேரமும் மூன்று தோட்டா இருக்க வேண்டும், அந்த மூன்றை எந்த ஆட்சேபணையும் தொடக் கூடாது என்று ஒரு விதி சேர்க்க வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் சரி.

பதிவேட்டில் நத்தானியேல் போயல் பெயரை அடித்து, என் பெயரை எழுத வேண்டும்.

சாவு வெடிக்காக இரண்டு தோட்டாக்களுக்கு அனுமதி தர வேண்டும். அக்கா சம்மதித்தால் போயலே அதைச் சுடட்டும். அவர் குறி தவறாது. பன்றி ஓட்டையும் அநேகமாக அவருடையதுதான். அத்தானே என்னிடம் ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த மனுவின் நகலைத் தங்கள் அனுமதி இல்லாமல் இன்று காலை பொதுப் பலகையில் ஒட்டிவிட்டேன். சனிக்கிழமை வரை காத்திருந்தால் போயல் போய்விடுவார். அனுமதியின்றி ஒட்டியதற்கான தண்டனையை மற்றதோடு சேர்த்துக் கொடுங்கள். ஆனால் ஏழு நாள் அதை யாரும் கிழிக்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். அக்கா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஏழு நாள் ஆகும். கீழே இடம் விட்டிருக்கிறேன். சுண்ணக்கட்டியும் புதிதாகக் கட்டியிருக்கிறேன். அவள் என்ன எழுதினாலும் நான் துடைக்க மாட்டேன்.

நாள்: 19 மே 1934
இடம்: வாரிமுரு

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
லியாண்டர் ஹெண்ட்ரிக்ஸ்

குறிப்பு: கையெழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். ஆசிரியர் கையெழுத்தை அவரைவிட நன்றாகப் போடுவேன் என்று மேலே பெருமை பேசியிருக்கிறேன். என்னுடையதைப் போட்டுப் பழக்கமில்லை.