பெயர் சொல்லாத வேண்டுதல்

என் ஆசை நைனாவுக்கு,

நம்ம பாலசமுத்திரம் பஸ் ஸ்டாப்பில் உன் படம் போட்ட ஃபிளெக்ஸைப் புதுசாக மாற்றியிருக்கிறார்கள். பின்னால் பனிமலை, பக்கத்தில் பீரங்கி. நீ செத்தது பனிமலையிலா? எங்கேயோ ஒரு டவுனில், இரண்டு கூட்டம் அடித்துக்கொண்ட கடைத்தெருவில் மிலிட்டரி ஆட்களான உங்களை நடுவில் நிறுத்தினார்கள். எந்தப் பக்கத்துக் கல் உன் மண்டையில் விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எறிந்தவன் நம்ம நாட்டுக்காரன்தான். அதைப் போட ஃபிளெக்ஸில் இடமில்லை போலிருக்கிறது.

இப்போது சேதி கேள். உன் பிள்ளை முரளிக்கு மிலிட்டரியில் செலக்‌ஷன் ஆகிவிட்டது. அடுத்த வாரம் ட்ரெயினிங்குக்குப் புறப்படுகிறான். “அங்க உனக்கு இன்னாடா வேலை?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்க்கா? பார்டர்னா பார்டர், வெள்ளம்னா வெள்ளம், கலாட்டான்னா கலாட்டா. நிக்கச் சொன்ன எடத்துல நின்னுக்கினு இருக்கணும், அவ்ளோதான்” என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிவியில் காலையில் ஒரு எதிரி, சாயங்காலம் வேறொரு எதிரி. கையில் துப்பாக்கி கொடுத்து அனுப்புகிறவர்கள், யாருக்கு எதிராக என்று சொல்ல வேண்டாமா? உனக்காவது சொன்னார்களா நைனா?

நேற்று அம்மா, அவனுக்காகத் திருமலைக்கு வேண்டிக்கொண்டு காசு முடிய உட்கார்ந்தாள். மஞ்சள் துணியில் காசை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். “இன்னாம்மா?” என்றேன்.

“உங்க நைனாவுக்கு முடியும்போது, எதிராளி குண்டு மேல படக்கூடாதுன்னு பேரு சொல்லி வேண்டிக்கினேன். ஏழுமலையான் வாக்குத் தப்பல, குண்டு படல. கல்லுன்னு நான் சொல்லாம பூட்டேனே! இவனுக்கு இன்னான்னு சொல்லி முடியறது? நீ படிச்சவளாச்சே, சொல்லு.”

இத்தனை வருஷமும் உன் சாவைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்! உன்னை அந்தத் தெருவில் நிறுத்தினவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வேண்டுதலில் ஒரு வார்த்தை விட்டுப்போனதென்று இவள் கிடந்து சாகிறாள்.

கடைசியில் அம்மா எந்த ஆபத்தின் பெயரும் சொல்லாமல் காசை முடிந்து, சாமி படத்துக்குக் கீழே உன் பழைய முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆமாம், உன் முடிச்சு இன்னும் மலையேறவில்லை. வேண்டுதல் பலித்ததா, பொய்த்ததா என்று யாரைக் கேட்பது?

முரளியை ரேணிகுண்டாவில் ரயிலேற்றிவிட்டு, உன் முடிச்சை நானே கொண்டுபோய் உண்டியலில் போடுகிறேன். ‘உன் கணக்கு முடிந்தது சாமி, இனி எங்கம்மாவை விட்டுடு’ என்று சொல்லிவிட்டு வருகிறேன். முரளியின் முடிச்சை அவனே திரும்பி வந்து மலையேறிச் செலுத்தட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், சொல்லவே நாக்கு கூசுகிறது. அவனுக்கு ஒன்று ஆனால், ஃபிளெக்ஸில் அவன் பக்கத்தில் பீரங்கி போட எவனையும் விடமாட்டேன். அவன் விழுந்த தெருவின் பெயரைத்தான் எழுத வைப்பேன். இது சத்தியம்.

உன் மூத்த மகள்,
முரளிக்கு அக்கா