திரைச்சீலைக் குஞ்சம் வைத்த மகுடம்

பிப்ரவரி 3, திங்கள்

ஸ்டுடியோவில் நல்ல கூட்டம். ஒரு பேருந்து முழுக்கச் சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஐந்து நிமிடம் எங்கள் இனத்துப் பெண்ணாக வேண்டும். கறுப்புப் பாவாடை, சிவப்புக் கரை வைத்த மேல்சட்டை, முழங்கையில் வெள்ளி வளையம், தலையில் மகுடம். பின்னால் நின்று முடிச்சுப் போட்டு, ஊசி குத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி அனுப்புவது என் வேலை. படம் எடுப்பது முதலாளியின் வேலை.

ஒரு பல் டாக்டரம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டு என்னிடம் திரும்பினாள். "நீங்களும் இந்த ஆளுங்கதானே? அப்புறம் ஏன் சாதாரணமா டிரஸ் பண்ணியிருக்கீங்க?"

"துவைச்சுப் போட்டிருக்கேன், இன்னும் காயலை" என்றேன்.

நம்பிவிட்டாள், பாவம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மகளைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை மின்கம்பம் ஏறுகிற வேலை. அதிகம் பேசவில்லை, எங்கள் வீட்டு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறிச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். எனக்குப் பிடித்துவிட்டது. மகளுக்கு ஏற்கெனவே பிடித்துப்போனது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்; யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பாதான் எங்கள் இனச் சங்கத்தின் தலைவர். ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் மைக். கையில் மைக் இல்லாதபோதும் இருப்பதாக நினைத்தே பேசுவார். கிளம்பும்போது சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கல்யாணம் சங்க முறைப்படிதான். மகுடத்தை மேடையில தலைவர் அத்தானே சூட்டுவார். தப்பா நினைச்சுக்காதீங்க."

நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

பிப்ரவரி 10, திங்கள்

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வயிறு எரியும்.

எங்கள் ஆட்களுக்கு மகுடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கல்யாணத்தன்று மணமகளின் தலையில் கறுப்புத் துணி கட்டுவோம். அவ்வளவுதான். துணியை நனைத்துக் கட்டினால் காயக் காய இறுகும்; மாலைவரை ஆடினாலும் அசையாது. கதவைச் சாத்திக்கொண்டு பெற்றவள் கட்டுவாள். கட்டும்போது மகளின் காதில் ஏதோ ஒன்று சொல்வாள். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. என் அம்மா என்னிடம் சொன்னதை இங்கேகூட எழுத மாட்டேன். கல்யாணத்தில் பெற்றவளுக்கென்று இருக்கும் வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆண்கள் நடத்துவார்கள், சத்தமாக.

மகுடம் எங்கிருந்து வந்தது என்றால், என்னிடமிருந்து. துணி கட்டினால் படத்தில் எடுபடவில்லை என்று முதலாளி முகத்தைச் சுளித்தார். "பளபளன்னு ஏதாவது பண்ணேன்" என்றார். பிஸ்கட் டப்பாவை வெட்டினேன், வெள்ளிப் பெயின்ட் அடித்தேன், பழைய திரைச்சீலையிலிருந்து குஞ்சத்தைப் பிரித்துத் தொங்கவிட்டேன், சாவிக்கொத்துகளிலிருந்து மணிகளைக் கழற்றிக் கோத்தேன். பின்னால் இரண்டு கிளிப். வேலை முடிந்தது. அந்தப் படங்கள் காலண்டரில் வந்தன. காலண்டரைப் பார்த்துச் சங்கம் பதாகை அடித்தது. பதாகையைப் பார்த்து எங்கள் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது அது மூதாதையர் மகுடம்.

இதை நான் மறைத்ததே இல்லை. கேட்காதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். யார் நம்புகிறார்கள்?

பிப்ரவரி 15, சனி

சங்க அலுவலகத்துக்கே போய்விட்டேன். சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம், கீழே "நம் குலமகள்" என்று எழுதியிருக்கிறது. குலமகளை எனக்குத் தெரியும். சுற்றுலா வந்தவள், காலணியைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். பாவாடைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ நன்றாகவே தெரிகிறது.

"ஐயா, இந்த மகுடத்தை நான்தான் செஞ்சேன்."

"தெரியும்மா. பிரமாதமா செஞ்சிருக்கீங்க. பழைய மாதிரியைப் பார்த்துத்தானே?"

"பழைய மாதிரியே கிடையாதுங்க. பிஸ்கட் டப்பா."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "பாருங்க, உங்களுக்கே தெரியாம உங்க கைக்கு வந்திருக்கு. ரத்தத்துல ஊறினதும்மா அது."

"அப்போ தலைத்துணி?"

"அது வறுமைக் காலத்துப் பழக்கம். மகுடத்துக்கு வழியில்லாதவங்க துணியைக் கட்டிக்கிட்டாங்க."

"அந்த ஷூவும் நம்மதுதானுங்களா?"

படத்தை உற்றுப் பார்த்தார். "அதைப் பத்தி ஆராய்ஞ்சுக்கிட்டிருக்கோம்" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டில் சண்டை. இவருக்கு எல்லாம் சின்ன விஷயம். "கல்யாணம் நடக்கணுமா, உன் துணி நடக்கணுமா? அவர் மாப்பிள்ளையோட பெரியப்பா. முறைச்சுக்கிட்டு அந்த வீட்டுல நம்ம பொண்ணு எப்படி இருப்பா?" என்றார். அதுவும் சரிதான். சரியாக இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மகளிடம் போனேன். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், எதையும் சீட்டுப்படி பேசுவாள்.

"எல்லாப் பொண்ணுங்களும் மகுடம் போட்டுக்கிட்டாங்க. நான் மட்டும் துணியோட நிக்கணுமா? அதுவுமில்லாம நீ செஞ்சதைத்தானேம்மா போடப்போறேன். அதுல உனக்கு என்ன குறை?"

"கட்டும்போது காதுல சொல்றது ஒண்ணு இருக்கே."

"அதை போன்ல சொல்லேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். தெரியும். சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். போன்ல சொல்லணுமாம். அவ பொறந்தப்பவே யோசிச்சு வச்சது அது — இத்தனை வருஷம் உள்ளே வச்சிருக்கேன், போன்ல சொல்றதுக்கா?

மார்ச் 1, சனி

கல்யாண மகுடத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது. என் மகளின் கல்யாணத்துக்கு. என்னிடமே.

மார்ச் 8, சனி

தலைவர் வீட்டுக் கல்யாணமாம், அதனால் பெரிதாக வேண்டுமாம். இரண்டு அடுக்கு, மூன்று மடங்கு மணி. இது நிற்காது என்று சொன்னேன். ஸ்டுடியோவில் இருப்பது ஐந்து நிமிடம் சிலை மாதிரி நிற்கிறவர்களுக்காகச் செய்தது. எங்கள் கல்யாணத்தில் மணமகள் பொழுது சாயும்வரை ஆட வேண்டும். "ரெண்டு கிளிப் கூடப் போட்டுக்குங்க" என்று பதில் வந்தது. போட்டேன். தகரத்துக்கு என்ன வந்தது, அது எத்தனை கிளிப் வேண்டுமானாலும் தாங்கும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நன்றாக வந்திருக்கிறது. குஞ்சத்தை வரிசை மாற்றித் தைத்தேன், விளிம்பு குத்தாமலிருக்க உள்ளே பட்டை வைத்தேன். என் பெண்ணின் நெற்றியல்லவா.

மார்ச் 20, வியாழன்

மண்டபத்தில் ஒத்திகை. மகள் மகுடத்தோடு நாலடி நடந்தாள். அது மூக்குக்கு வந்துவிட்டது. ஏற்றிவிட்டார்கள். திரும்பினாள். காதுக்கு வந்துவிட்டது. தலைவர் கீழேயிருந்து, "தலை நிமிர்ந்து நடக்கணும்மா, அதுதான் நம்ம பண்பாடு" என்றார். மாப்பிள்ளை கம்பி சுற்றிக் கட்டலாமா என்று கேட்டார். நல்ல பிள்ளை, ஆனால் என் மகள் மின்கம்பம் இல்லை.

சிரிப்பு வந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. எல்லோர் முன்னாலும் விழுந்துவிடுமோ என்று அவளுக்கு உதறல். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

நேற்றுக் கல்யாணம் முடிந்தது. நேற்று எழுத உட்கார முடியவில்லை.

காலையில் அலங்கார அறையில் ஒரே கூட்டம். கிளிப் குத்துகிறார்கள், கழற்றுகிறார்கள், மறுபடி குத்துகிறார்கள். மகளின் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. திடீரென்று எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். நானும் எழுந்தேன்.

"நீ எங்க போற? அந்தத் துணி இருக்கா?"

கைப்பையில்தான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப் போயிருந்தேன்.

"கட்டும்மா. அடியில கட்டினா மேல வழுக்காது."

வழக்கத்துக்காக இல்லை, வழுக்காமல் இருப்பதற்காக. சரி, எதற்காகவோ. கதவைச் சாத்தினேன், துணியை நனைத்தேன், பிழிந்து சுற்றினேன். கடைசிச் சுற்றில் அவள் தானாகவே காதை என் பக்கம் சாய்த்தாள்.

அத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது. முதலில் சிரித்தாள். அப்புறம் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மை கலையும் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். நானும்தான்.

மேடையில் தலைவர் மகுடத்தைச் சூட்டினார். கைதட்டல். அது ஈரத்துணியில் போய் அப்படியே உட்கார்ந்தது. பொழுது சாயும்வரை ஆடினாள், ஒரு மணிகூட இடம் மாறவில்லை. தலைவர் மைக்கில், "பார்த்தீங்களா, நம்ம முன்னோர்களோட கைத்திறனை" என்றார். முன்னோராகிய நான் பந்தி ஓரத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 12, சனி

தலைவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். சம்பந்தியம்மாவும் கூட வந்திருந்தாள். முதலாளி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒரு முக்கியமான விஷயம் கண்டுபிடிச்சிருக்கோம்மா. மகுடத்துக்கு அடியில துணி கட்டறது நம்ம ஆதிகாலத்து வழக்கம். ஈரத்துணி. அதைத் தாயார்தான் கட்டணும், கதவைச் சாத்திக்கிட்டு. நம்ம வீட்டுலயே பெரியவங்க சொல்லித் தெரிஞ்சுது. இனிமே எல்லாக் கல்யாணத்துலயும் இது கட்டாயம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாதுங்களே" என்றேன்.

"கத்துக்கிட்டு மத்த தாய்மாருக்கும் சொல்லிக்குடுங்க."

"நீங்க காட்டினா கத்துக்கறேன்."

காட்டினார். ஸ்டுடியோ பொம்மையின் தலையில், இடமிருந்து வலமாக, பொட்டலம் கட்டுவதுபோல. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "அவ்வளவுதான், வேற ஒண்ணும் கிடையாது" என்றார். சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணியைப் பற்றி அவரிடம் சொன்னவள், காதில் சொல்வதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.