கேசிங் பதினோரு அடி

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தமிழினிக்கு,

அண்ணன் காளிதாஸ் எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது, இரண்டு பேரும் பன்னிரண்டு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. கால்கரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படி. அப்பா போனதிலிருந்து உன் ரேங்க் கார்டு முதல் பாஸ்போர்ட் விண்ணப்பம் வரை பெற்றவர் இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், அந்த உரிமையில் கேட்கிறேன்.

நேற்று நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். ஊட்டு வேலைய எதுக்குண்ணா நிறுத்தச் சொல்றே, நான் ஊடு கட்டறது உனக்குப் பொறுக்கலையா என்கிறாய். பொறுக்கவில்லைதான். நீ கட்டுவது பொறுக்காமல் இல்லை, நீ கட்டும் இடம் பொறுக்கவில்லை. அந்த மனையில் பாதி பாறை, பாதி குப்பை. இதை உனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா பூமி பூஜைப் படங்களை அனுப்பினாள், வீடு கட்டித்தரும் குமாரசாமி மாமா நூல் கட்டிய படங்களை அனுப்பினார், நீ எல்லாவற்றுக்கும் கைகூப்பும் பொம்மையைப் போட்டாய். மண்ணை யாரும் படம் எடுக்கவில்லை.

பன்னிரண்டு நாள் முன்னால் அம்மா, அஸ்திவாரக் குழி தோண்டியாச்சு, கூடப் பொறந்தவன் ஒரு எட்டு வந்து பாக்கக் கூடாதா என்றாள். மோகனூர் ரோட்டில் இறங்கி உன் மனைக்கு நடந்தேன். பதினாறு குழி. ஈசானிய மூலைப் பக்கம் இருந்த குழிகளில் நல்ல சுக்கான் பாறை, கடப்பாரையால் குத்தினால் தீப்பொறி பறந்தது. நேர் எதிரே தென்மேற்கில், கன்னி மூலைக்கு வந்தேன். அங்கே நான்கு குழிகளின் சுவரில் மண்ணின் நிறமே வேறு. கருப்பாக, பொலபொலவென்று, ஓட்டுத் துண்டு, முட்டை ஓடு, கிழிந்த தீவனச் சாக்கு. உள்ளே இறங்கிக் கடப்பாரையை வைத்து அழுத்தினேன், குத்தக்கூட இல்லை, முழங்கை ஆழத்துக்குப் போய்விட்டது. மாமாவைக் கூப்பிட்டு, மண் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். என்ன மாப்ளே, போர் போட்டப்ப கேசிங் பதினோரு அடிதான எறங்குச்சு, அதுக்குக் கீழ பூராக் கல்லு, ரிக்குக்காரன் பிட்டு தேஞ்சு போச்சுன்னு பொலம்பிட்டுப் போனான், இதுக்கு மேல என்னத்தச் சோதிக்கிறது என்றார். அன்று ராத்திரியே வேலையை நிறுத்த வேண்டும் என்றேன், அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இதுதான் நம் ஊர்ப்பக்கத்து வியாதி. வீடு கட்டத் தண்ணீர் வேண்டுமென்று முதல் வேலையாக போர் போடுகிறோம். வாஸ்துப்படி அது ஈசானிய மூலையில்தான் போட வேண்டும். அங்கே கேசிங் குழாய் எத்தனை அடியில் பாறையைத் தொட்டு நின்றதோ அதையே மனை முழுவதற்கும் சர்டிபிகேட் ஆக்கிவிடுகிறோம். அப்புறம் அதே வாஸ்துப்படி மேல்நிலைத் தொட்டி, வீட்டுப் பெரியவர் படுக்கும் அறை, பீரோ என்று கனமானதையெல்லாம் நேர் எதிர்மூலைக்குக் கொண்டுபோகிறோம். அதாவது, சோதித்தது ஓரிடம், பாரம் ஏற்றுவது அதிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில் இன்னோரிடம். இதை விடப் பிசகாக ஒரு முறையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியுமா சொல்.

மறுநாள் எங்கள் மண் பரிசோதனை லேபிலிருந்து முக்காலியையும் சுத்தியலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அறுபத்து மூன்றரை கிலோ இரும்பை இரண்டரை அடி உயரத்திலிருந்து குழாயின் தலையில் போட வேண்டும். குழாய் ஓர் அடி இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான் சோதனை. ஈசானிய மூலையில் ஐம்பது அடி போட்டும் இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. கன்னி மூலையில் மூன்றே அடியில் குழாய் ஓர் அடி இறங்கிவிட்டது. ஐம்பதும் மூன்றும், தமிழினி, ஒரே வீட்டில். இருபத்தாறு அடி ஆழம் வரைக்கும் அதே மூன்று, நான்கு, சில இடத்தில் இரண்டு. குழாயைத் திறந்தால் கோழி எருவின் நாற்றம். வீடு முழுக்கக் குப்பையில் நின்றால் ஒன்றாகவாவது இறங்கும். பாதி பாறையில் நின்று பாதி இறங்கினால் கிழியும். உன் கன்னி மூலைத் தூண்கள் இறங்கும்போது அதன் மேல் தண்ணீர்த் தொட்டி இருக்கும், கீழே அம்மா படுத்திருப்பாள். அவளுக்கென்று நீ பிளானில் போட்ட அறை அதுதான், மறந்துவிட்டாயா.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் சின்னாயி நாங்கள் சுத்தியல் போடுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கெணத்துக்குள்ள எதுக்குங்க சாமி கொழாய எறக்குறீங்க என்று கேட்டது. கிணறா என்றேன். ஆமாங்க, இது மோட்டாருக் கெணறு, அறுபதடி ஆழம், தண்ணி வத்தினதும் சைட்டுப் போடறவங்க வந்து கோழிப்பண்ணை எருவும் இடிச்ச ஊட்டு மண்ணும் கொட்டி மூடுனாங்க, எங்கூட்டுக்காரரு நீச்சல் பழகுனதே இதுலதான் என்றது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நான் கத்தினேன். யாருங்க வந்து கேட்டீங்க என்றது. பூஜைக்கு நாற்பது பேர் வந்து பொங்கல் சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர்கூட நாலு அடி நடந்து போய் அந்த மனுஷியைக் கேட்கவில்லை. அந்தக் கிணற்றின் மறுபாதி மேல் நிற்கும் மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு, வெயிலுக்கு வெடிக்குதுங்க என்று வருஷா வருஷம் வெள்ளைச் சிமெண்டு வைத்துப் பூசிக்கொண்டிருக்கிறார். அவர் அனுமதியோடு வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு வந்தேன், வெடிப்பு இன்னும் விரிந்தால் அது உடையும். ஒன்பதாம் நாள் கண்ணாடி இரண்டாகியிருந்தது. வெயில் கண்ணாடியையும் உடைக்குமா என்று கேட்டதும் அவர், பாவம், உள்ளே போய்விட்டார்.

கண்ணாடி உடைந்ததைப் பார்த்த சூட்டோடு நேரே மாமாவிடம் போனேன். வேலையாட்கள் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பேசினேன். போன வருஷம் ஆத்தூரில் கடை கட்டியபோது சோதனைக்கென்று எங்கள் லேபுக்கு அனுப்பிய கான்கிரீட் கட்டிகளில் மட்டும் இரண்டு பாண்டுச் சட்டி சிமெண்டு கூடுதலாகப் போட்டவர்தானே நீங்கள், உங்களுக்குக் கல்லும் ஒன்று குப்பையும் ஒன்று என்றேன். மாமா கரண்டியைக் கீழே வைத்தார். கட்டி விஷயத்துல நான் பண்ணுனது தப்புத்தான் மாப்ளே என்றார். அப்புறம் போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, தேடி, என் முகத்துக்கு நேராக நீட்டினார். நீ அவருக்கு அனுப்பி வைத்த செய்தி. நான் உனக்கு எழுதியது. ஏப்ரல் பதினேழு, காலை ஒன்பது இருபது. மனை இருக்கும் இடத்தை அனுப்பி, மண்ணு பாக்கோணுமாண்ணா என்று நீ கேட்டிருக்கிறாய். அங்கெல்லாம் பாறைதான், போர் போடும்போது கேசிங் எத்தனை அடி என்று மாமாவைக் கேட்டுக்கொள், போதும் என்று நான் பதில் போட்டிருக்கிறேன். மேப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேறு ஏதோ ரிப்போர்ட் அவசரம், உனக்கு ஏதோ ஒரு பதில் போட்டுவிட்டால் போதும் என்று இருந்தேன். நான் கொத்தனாரு மாப்ளே, நீ இஞ்சினீரு, நீ சொன்னதத்தான கேட்டோம் என்றார் மாமா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தச் செய்தி என் போனிலும் இருக்கிறது. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். உன் போனில் அழியாது என்பதால் விட்டேனா, வெட்கப்பட்டு விட்டேனா, தெரியவில்லை. பத்து வருஷமாக ஊராரிடம், கண்ணால் பார்க்காத மண்ணைப் பற்றி வாய் திறக்காதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் சொந்தத் தங்கச்சிக்கு இரண்டு வரியில் மண் பார்த்தேன். மற்றவர்கள் மேல் பட்ட கோபமெல்லாம் சுற்றி வந்து நிற்பது இங்கேதான், அதற்காக அது குறைந்துவிடவில்லை.

இப்போது நிலைமையைச் சொல்கிறேன். வியாழக்கிழமை காலை கான்கிரீட் போட முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். மாமா ஒரே பேச்சாக, ஊட்டுக்காரி சொல்லட்டும் நிறுத்தறேன் என்கிறார். மனை உன் பேரில் இருக்கிறது, ஆகவே அவர் சொல்வது சரி. அம்மா, கன்னி மூலைய வெறுசா உட்டா குடும்பத்துக்கு ஆகாது என்று அழுகிறாள். கிணறு உன் மனைக்குள் இருபதுக்குப் பதினெட்டு அடிதான் வருகிறது. வீட்டைக் கிழக்கே தள்ளி, ஓர் அறையைக் குறைத்து, தொட்டியைப் பாறைப் பக்கம் மாற்றிப் புது பிளான் இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த மூலையில் அம்மா கொடி கட்டித் துணி காயப்போடட்டும், அந்தப் பாரத்தைத்தான் அது தாங்கும். தை மாதம் பால் காய்ச்ச முடியாது, சித்திரை ஆகும். லீவை மாற்றிக்கொள்.

ரிப்போர்ட்டும் வைத்திருக்கிறேன். அதில் என் கையெழுத்தைத் தேடாதே. என்னை அறியாத ஒருவர் வந்து திரும்பத் துளை போட்டு, திரும்ப எண்ணி, அவர் போட்ட கையெழுத்து. அவருக்கும் மூன்றுதான் வந்தது. மாமாவுக்குப் போன் செய்யும்போது அண்ணன் சொன்னான் என்று சொல்லாதே. அண்ணன் சொல்லித்தான் இந்தக் குழி தோண்டப்பட்டது. இரண்டாம் பக்கத்துப் பட்டியலைப் பார்த்து அந்த எண்களை அவருக்கு வாசித்துக் காட்டு, அவருக்கு எண் புரியும். அதற்குப் பிறகு என்மேல் உனக்கு வருகிற கோபத்தையும் போன் செய்தே திட்டு, உன்னைப் போல நான் பாதியில் வைக்க மாட்டேன்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், விரிசல் விடாத வீட்டில் நெடுநாள் வாழ வேண்டும். அம்மாவோடு நான் பேசாமல் இருந்தாலும் அவள் மாத்திரை மூன்று வேளையும் சரியாகப் போகிறது, அந்தக் கவலை வேண்டாம். மறக்காதே, வியாழன் காலை ஆறு மணிக்கு மிக்சர் வண்டி வரும், உங்கள் ஊரில் அப்போது புதன் சாயங்காலம். அதற்கு முன்னால் கூப்பிடு.

உன் அண்ணன்,
சு. காளிதாஸ்