எலிக்கு ஊற்றிய சாராயம்

1938 பிப்ரவரி 20
கல்லூரியில் எலிக்கூண்டுகளைப் பார்ப்பது என் வீட்டுக்காரர் வேலை. ஒரு கூண்டுக்குத் தண்ணீர், இன்னொன்றுக்குத் தண்ணீரில் கலந்த சாராயம். குடி உடம்பை என்ன செய்கிறதென்று புரொபஸர் அருள்நாதன் ஆராய்கிறாராம். மாதக்கணக்கில் ஊற்றியும் எலிகள் கொழுகொழுவென்று இருக்கின்றனவாம். இவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா அக்னஸ், எலிக்கே ஒண்ணும் ஆகல. எனக்கு மட்டும் என்ன ஆயிடப் போவுது?"

என் தலையெழுத்து, எலியோடு வாதாட வேண்டியிருக்கிறது.

மார்ச் 2, சாம்பல் புதன்
ஈஸ்டர்வரை நாற்பது நாள் தவசு காலம், அது முடியும்வரை சாராயத்தைத் தொடமாட்டேன் என்று பாலக்கரைக் கோயிலில் நேர்ந்துகொண்டார். வருஷா வருஷம் நடப்பதுதான். ஈஸ்டர் முடிந்ததும் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான்.

மார்ச் 25
எலிகள் தீனி எடுப்பதில்லையாம். மயிர் சிலிர்த்து நிற்கிறதாம், ஏணி வைத்தால் ஏறுவதில்லையாம். "இவ்ளோ நாள் நல்லாத்தானங்க இருந்துச்சு?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

மாதாவே! அவற்றின் பங்கை இத்தனை நாளும் இவரல்லவா குடித்திருக்கிறார்! இவருக்குத் தவசு வந்ததும் சாராயம் எலி வாய்க்குப் போகிறது. வெட்கங்கெட்ட மனுஷன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஏப்ரல் 18
ஆரம்பித்துவிட்டார்.

மே 9
எலிகள் தேறிவிட்டன. நடுவில் ஒரு கண்டம், அதைத் தாண்டிவிட்டால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிடும் என்று ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் புரொபஸர் பேசினாராம். பின்வரிசைக் குடிகாரர்கள் கைதட்டினார்களாம்.

இங்கே இவர் கண் மஞ்சளாக இருக்கிறது. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்குவதில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? ஆளே போய்விடுவார். வேலை போனால் போகட்டும்.

மே 11
புரொபஸர் வீட்டுக்கே போய் எல்லாம் சொன்னேன். "சாராய அலமாரிச் சாவிய மட்டும் அவர் கையில குடுக்காதீங்க சார்" என்று கும்பிட்டேன். எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "கட்டுரை மெட்ராஸுக்குப் போயி அச்சாயிடுச்சும்மா. வெளியில சொல்லிடாதீங்க. உங்க வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் அவர் பாட்டுக்கு இருக்கட்டும், நல்ல ஆளு."

நல்ல ஆளாம்! சாவி இன்னும் இவர் இடுப்பில்தான் இருக்கிறது.

ஜூலை 3
ரத்தமாக வாந்தி. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஆகஸ்ட் 14
துக்கம் கேட்க புரொபஸர் வந்தார். காபி கொடுத்தேன் — ஏன் கொடுத்தேனோ. இவர் இடத்தில் பரக்கத் அலி என்று ஒருவரை வைத்திருக்கிறாராம். சாராய வாடையே ஆகாதவர், ஆனால் சொன்ன அளவு குறையாமல் ஊற்றிவிடுகிறாராம். "ரெண்டு செத்துப்போச்சும்மா. மிச்சமும் மூலையில சுருண்டு கெடக்குது. பாக்க முடியல, பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எலிகளுக்காக.