வெள்ளிக்கிழமைக்குள் முன்சக்கரம்

பங்குனி 3, சனி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பழைய காருக்கு எண்ணெய்க் குளியல், மூன்றாவது வாரம். மச்சினன் குமாரின் வைத்தியம். மேட்டில் ஏறி இறங்கினால் முன்னால் 'கிரீச்'. "ரப்பர் காஞ்சு போச்சு அத்தான். சனிக்கிழமை பார்த்து நல்லெண்ணெய் விடுங்க." விட்டேன். கிரீச் போய்விட்டது. பதிலுக்கு 'கடக்' வந்திருக்கிறது.

வெள்ளியன்று குடவாசலில், சம்பந்தி வீட்டில், மகள் மலருக்கு வளைகாப்பு. முடிந்ததும் தஞ்சாவூருக்கு அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம். ரோடு முழுக்கப் பல்லாங்குழி.

ஞாயிறு

பால் வாங்கப் போனபோது எதிர்வீட்டுக்காரர்: "சார், உங்க வண்டி தெருமுனைல வர்றப்பவே தெரிஞ்சுடுது. காலிங் பெல்லே வேணாம்." சிரித்து வைத்தேன். இடது டயர் உள்பக்கம் மட்டும் மொட்டை, என் மண்டை மாதிரி. மனைவியிடம் சொல்லவில்லை.

இவள் சம்பந்தியம்மாவோடு போனில். காதில் விழுந்தது: "புது வண்டிய நீங்களே அனுப்பறீங்களா..." அந்த வண்டி! கதவைத் திறந்தால் அது பேசும். மூடினால் சம்பந்தி பேசுவார். பிறந்த வீட்டார் போய் அழைத்து வருவதுதான் முறை என்று கத்தினேன். முறை கால்வாசி, ரோஷம் முக்கால்வாசி.

திங்கள்

ரஹீம் பாய் பட்டறை. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டொக். குனிந்து லைட் அடித்தார். பிறகு ஒரே சிரிப்பு.

"என்னா சார் இது, எண்ணெயும் இருக்கு, உளுந்தும் இருக்கு. உப்பு போட்டா வடை சுட்டுடலாம்."

குடவாசல் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிப் போடுகிறார்கள், வண்டி ஏறிக் காய் உடையட்டும் என்று. புண்ணியமாகப் போகட்டுமென்று நானும் நடுவிலேயே ஏற்றுவேன். அந்தத் தோல், தூசி எல்லாம் என் நல்லெண்ணெயில் அப்பி, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்டின் உறை ஊறிக் கிழிந்து, மண் உள்ளே போய்விட்டதாம்.

"இது நம்ம இடுப்பு மூட்டு மாதிரி சார். கிண்ணத்துக்குள்ள குண்டு. தேஞ்சு ஆடுது."

"கழண்டுடுமா?"

"கழலாது." டீயைக் குடித்து முடித்துவிட்டு: "கழண்டா சக்கரம் மடங்கி வண்டி உக்காந்துடும்."

இரண்டு பக்கமும் போச்சு. பழைய மாடல், சாமான் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். 'நாளைக்கு' என்றார்.

செவ்வாய்

வரவில்லை. மோர் குடித்தும் நெஞ்செரிச்சல்.

புதன்

வரவில்லை. காலையும் மாலையும் போய் நின்றேன். பாய்: "சார், நீங்க வந்து நின்னா பஸ் வேகமா வந்துடாது." வண்டி ஜாக்கியில், ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டியவன் மாதிரி.

மலர் போனில்: "அப்பா, வண்டி ரெடியாப்பா?" "ஜம்முனு இருக்கும்மா." பொய். கண்ணை மூடினால் சக்கரம் மடங்குகிறது.

சாப்பிடும்போது இவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சம்பந்தி வண்டியே வரட்டும் என்றேன். என் வாயாலேயே! "எண்ணெய் ஊத்துனப்பவே தெரியும்," என்றாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம். அப்புறம் நானே போன் போடுறேன்." மோர் ஊற்றினாள். திட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயம்.

வியாழன்

மதியம் பார்சல்! புது பால் ஜாயிண்ட், ரப்பர் புஷ். மாட்டி, அலைன்மெண்ட் பார்த்து முடிக்க இருட்டிவிட்டது. பாய் ஓட்ட, நான் பக்கத்தில். பெரிய மேடாகத் தேடி ஏற்றினார். சத்தமில்லை. சத்தமில்லாததும் பயமாக இருக்கிறது.

"இனி எண்ணெய் தலைக்கு மட்டும் சார்." தலையில் முடி எங்கே இருக்கிறது.

வெள்ளி

வளைகாப்பு. கலந்த சாதம் ஐந்து வகை. ஒன்றும் இறங்கவில்லை. சம்பந்தி என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "போய்ச் சேந்துடுமா சம்பந்தி?" "நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப பஸ் ஸ்டாண்டுலேந்து ஏத்திட்டு வந்ததும் இதுதான், சம்பந்தி." சொல்லிவிட்டேன். மலரின் பெட்டியை டிக்கியில் ஏற்றினேன்.

மலரோடு கிளம்பியதிலிருந்து வேகம் முப்பதைத் தாண்டவில்லை. டிராக்டர்களெல்லாம் முந்திப் போயின. ஒரு சைக்கிள்காரர் கொஞ்ச தூரம் பேச்சுத்துணைக்கு வந்தார். நாச்சியார்கோவிலுக்கு முன்னால் ஒரு பள்ளம், கவனிக்கவில்லை. தட்! உயிர் போய் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் மலர் தலை சாய்ந்து கிடக்கிறாள்.

"மலரு! அடியே மலரு!"

"கத்தாதீங்க," என்றாள் இவள், பின்சீட்டிலிருந்து. "தூங்குறா. ரோட்டப் பாருங்க."

வாயைத் திறந்துகொண்டு, வளையல் கை வயிற்றின்மேல், அசந்த தூக்கம். கும்பகோணம் நெரிசலிலும் நான் ஹாரனைத் தொடவில்லை. பாபநாசம் தாண்டியும் தொடவில்லை. பின்னால் வந்த பஸ்காரன்தான் விடாமல் அடித்தான், படுபாவி.